டிஜிட்டல் பெட்டி ஓடவில்லை... திருப்புளியைக் கீழே வையுங்கள்!

டிவி ரிப்பேர் என்றதும் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் கை முதலில் போவது திருப்புளிக்குத்தான். நான்கு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினால் கோளாறு எழுந்து நின்று வணக்கம் சொல்லும் என்று ஒரு நம்பிக்கை. உள்ளே பார்த்தால் பச்சைப் பலகை, கறுப்புச் சில்லுகள், ஏகப்பட்ட எறும்பு. எது கெட்டது, எது நல்லது என்று ஒன்றும் எழுதி ஒட்டியிருக்காது. கழற்றியதை மூடும்போது ஒரு திருகு மிச்சமாகும், அவ்வளவுதான் பலன்.

ஆண்டெனா காலத்தில் இவ்வளவு கஷ்டமில்லை. அன்று ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு முகம் இருந்தது. திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்தால் சிக்னல் குறைவு. ஒரே ஆள் இரண்டு நிழலாகத் தெரிந்தால் எங்கோ மோதித் திரும்பிய அலை. படம் மேலே மேலே ஓடினால் டிவிக்குள் பிரச்சினை. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்... ஆங்... போச்சு, பழையபடி திருப்பு" என்று கத்தியே ஒரு தலைமுறை அரை மெக்கானிக் ஆகிவிட்டது. தூர்தர்ஷனின் அந்தப் பழைய அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவை 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. கோளாறின் முகமும் அதோடு போய்விட்டது.

டிஜிட்டலில் படம் மெல்ல மெல்லக் கெடாது. நன்றாக இருக்கும், நன்றாகவே இருக்கும், திடீரென்று கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் நீலத் திரை. இதற்குக் காரணம் இருக்கிறது. எம்பெக்-2 பெட்டிகள் பயன்படுத்தும் டிவிபி-எஸ் முறையில் படமும் ஒலியும் 188 பைட் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் உதிரியாகச் சேர்த்து 204 ஆக அனுப்புகிறார்கள். வழியில் 8 பைட் வரை கெட்டுப்போனாலும் அந்த உதிரியை வைத்துப் பெட்டி கணக்குப் போட்டு அசலை மீட்டுவிடும். பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்பதாவது பைட் கெட்டால் கணக்கு உதைக்கும், அந்தப் பொட்டலமே போயிற்று. ஆக, மாடியில் கோளாறு ஆறு மாதமாக வளர்ந்துகொண்டிருக்கும். வீட்டில் இருப்பவர்களோ "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

படத்தைப் பார்த்துக் கோளாறைச் சொல்ல முடியாது என்றால் ஒரு தொடக்கநிலைக்காரர் எங்கிருந்து தொடங்குவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மாணவன் அதைக் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும்.

கேள்வி ஒன்று: "ஓடல"ன்னா என்ன?

அவன் எலெக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு. ஓம் விதி தெரியும், தேர்வில் வரைந்த சர்க்யூட் தெரியும். உண்மையான பெட்டி எதையும் பிரித்ததில்லை. விடுமுறைக்கு அப்பாயி வீட்டுக்குப் போனபோது டிவி ஓடவில்லை. டிவி 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்று அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது. டவுன் கடையில் விசாரித்தால் புதுப் பெட்டிக்கு ஆயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் 1,200 ரூபாய் ஆனது. அதாவது புதுப் பெட்டி என்றால் அப்பாயிக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதப் பணம். பகல் முழுக்கத் தனியாக இருக்கும் வீட்டில் பேச்சுக் குரல் என்று கேட்பது அந்த டிவி ஒன்றுதான் என்பது வேறு கணக்கு. அது ரூபாயில் வராது.

அவன் திருப்புளி தேடினான். அப்பாயி விடவில்லை.

"ஏன் சாமி, பொட்டியப் பிரிச்சா திரும்ப ஒண்ணா சேந்துருமா? மொதல்ல என்ன ஆச்சுன்னு கேளேன்."

கேட்டான். கார்த்திகையிலிருந்தே காலையில் போட்டால் வராதாம். சிவப்பு விளக்கு எரியும், அணையும், திரும்ப எரியும். நாலைந்து தடவை சுவிட்சைப் போட்டு அணைத்தால் வருமாம். ஒருமுறை வந்துவிட்டால் ராத்திரி வரை நிற்காமல் ஓடுமாம். கரண்டு போய் வந்தால் மறுபடி அதே கதை. போன வாரத்திலிருந்து எத்தனை தடவை போட்டாலும் வரவில்லை. இடையில் மழை நாட்களில் படம் உடைந்து உடைந்து வந்ததும் உண்டு.

ஐந்து நிமிடப் பேச்சு. மீட்டர் வைத்து ஒரு நாள் முழுக்கத் தடவினாலும் கிடைக்காத தகவல் அதில் இருந்தது. குளிர்ந்திருக்கும்போது ஓடாது, சூடேறினால் ஓடும் என்று அப்பாயி சொல்லாமல் சொல்லிவிட்டார். அப்படி நடந்துகொள்ளும் உதிரிபாகம் ஒன்று உண்டு, அதற்குப் பிறகு வருவோம். பழுது பார்க்கும் வேலையில் முதல் கருவி காது. வீட்டில் யார் அதிகம் டிவி பார்க்கிறார்களோ அவர்களிடம்தான் முதல் அறிக்கை இருக்கிறது. அவர்களுக்கு டெக்னிக்கல் வார்த்தை தெரியாது என்பதால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு.

பாதியாக வெட்டு

அடுத்தது, மொத்த அமைப்பைச் சங்கிலியாக நினைத்துக்கொண்டு நடுவில் ஒரு வெட்டுப் போடுவது. டிஷ், அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, கேபிள், பெட்டி, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி வயர், டிவி. ஆறு கண்ணி. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆறு சோதனை. நடுவில் வெட்டினால் இரண்டு மூன்றிலேயே ஆள் சிக்கிவிடும்.

பெட்டி ஓடுகிற வீடுகளில் இதற்கு ஒரு காசில்லாத சோதனை இருக்கிறது. ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்த வேண்டியதுதான். மெனு தெளிவாகத் திரையில் தெரிந்தால் டிவி, ஏவி வயர், பெட்டியின் மூளை, ரிமோட் எல்லாமே நன்றாக இருக்கின்றன என்று ஒரே அழுத்தில் தெரிந்துவிடும். கோளாறு மாடிப் பக்கம். பெட்டிக்குள் என்றால் அதிகம் போனால் சிக்னல் வாங்கும் டியூனர். மெனுவே வராவிட்டால் கோளாறு கீழே. (மெனு வராததற்கு ரிமோட்டும் காரணமாக இருக்கலாம். செல்போன் கேமராவை ரிமோட் முனைக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவில் மின்னும். சில போன்களில் பின் கேமராவில் தெரியாது, முன் கேமராவில் பார்க்க வேண்டும்.)

இங்கே பெட்டி எழுந்திருக்கவே இல்லை. ஆனாலும் வெட்ட ஓர் இடம் இருந்தது. டிஷ்ஷில் இருக்கும் எல்என்பிக்கு மின்சாரம் தனியாகப் போவதில்லை; பெட்டிதான் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. 13 என்றால் செங்குத்து அலை, 18 என்றால் கிடைமட்ட அலை என்று எல்என்பி புரிந்துகொள்ளும். மாடியில் கேபிள் ஷார்ட் ஆனால் அந்தச் சுமை தாங்காமல் பெட்டி விழுந்து விழுந்து எழலாம். பிளக்கைப் பிடுங்கி, டிஷ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தான். அதே சிவப்பு விளக்கு, எரிந்து அணைந்து எரிந்து. சரி, ஷார்ட் மாடியில் இல்லை. நோய் பெட்டிக்குள்.

இதுவரை ஒரு திருகுகூடக் கழலவில்லை.

உள்ளே இருக்கும் 325 வோல்ட்

இந்த இடத்தில்தான் ஜாக்கிரதை. வெளியே 12 வோல்ட் அடாப்டர் வைத்த பெட்டி என்றால் பயமில்லை. முதலில் அடாப்டரை மாற்றிப் பார்த்தாலே பாதி வழக்குகள் முடிந்துவிடும். இந்தப் பெட்டியில் வீட்டு மின்சாரம் நேராக உள்ளே போகிறது. 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் அதன் உச்சமான சுமார் 325 வோல்ட் ஒரு தடித்த கெப்பாசிட்டரில் போய் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று கை வைக்கக் கூடாது. ஓடுகிற பெட்டியில் பிளக்கைப் பிடுங்கியதும் அந்த மின்னேற்றத்தைப் பெட்டியே குடித்துத் தீர்த்துவிடும். ஓடாத பெட்டியில் குடிக்க ஆளில்லை, அப்படியே நிற்கும். கெட்டுப்போன பெட்டிதான் நல்ல பெட்டியைவிட ஆபத்தானது.

அவன் தனியாகத் திறக்கவில்லை. மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் இருந்த பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் போனான்.

"அண்ணே, பவர் சப்ளைல கெப்பாசிட்டர் போயிருக்கும்னு நெனைக்கிறேன். திறந்து பாக்கணும், கூட இருக்கீங்களா?"

"கண்டன்சர்னு சொல்லு தம்பி. காலைல வராம, சூடானா வருதா?"

அதே கேள்வி! அப்பாயி சொன்னதை அப்படியே ஒப்பித்தான். மெக்கானிக் சிரித்துக்கொண்டே சீரீஸ் பல்ப் பலகையை எடுத்து வைத்தார். அது வேறொன்றுமில்லை, ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பைப் பெட்டியோடு தொடராக இணைப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி கருகாது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். பல்ப் மின்னியது, மங்கியது. பெரிய சாவு ஒன்றும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கி, தடித்த கண்டன்சரின் மேல் மீட்டரை வைத்துப் பார்த்து, மிச்சம் இருந்ததை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மறுபடி மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் மெக்கானிக் அவனைத் தொடவிட்டார். அந்த இரண்டாவது அளவுதான் முக்கியம் என்றார். இறக்கிவிட்டோம் என்ற நினைப்பு வேறு, இறங்கிவிட்டது என்று மீட்டர் சொல்வது வேறு.

டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம், 5 வோல்ட் போகும் வழியில் ஒரு சின்ன கண்டன்சர். மற்றவற்றின் தலை தட்டையாக இருக்க, அதன் தலை மட்டும் பொரித்த அப்பளம் போல உப்பியிருந்தது. 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட்.

உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோன கண்டன்சருக்கு உள்தடை ஏறிவிடும். குளிரில் அது இன்னும் அதிகம், சூடேறினால் குறையும். அப்பாயியின் "நாலு தடவை போட்டா வரும்" என்பதன் விளக்கம் இதுதான். ஒவ்வொரு முறை போட்டு அணைத்தபோதும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகியிருக்கிறது.

துணிக்கும் கண்டன்சருக்கும் என்ன சம்பந்தம்?

ஏன் காய்ந்தது என்று கேட்பது வேலையின் அடுத்த பாதி. இல்லாவிட்டால் புதிதாகப் போடுவதும் அதே வழியில் போகும்.

இந்த வகைக் கண்டன்சருக்கு ஆயுள் மணிக்கணக்கில் சொல்லப்படும். உதாரணமாக 105 டிகிரியில் 2,000 மணி நேரம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் போடும் கணக்கு. பெட்டிக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் நாற்பது டிகிரி குறைவு, நான்கு இரட்டிப்பு: 32,000 மணி. சுவரில் சுவிட்சை அணைக்காமல் இரவும் பகலும் விட்டால் மூன்று வருடம் எட்டு மாதம் வரும். அதே பெட்டி இன்னும் பத்து டிகிரி சூடாக இருந்தால் ஆயுள் சரிபாதி, இரண்டு வருடம்கூட இல்லை.

அப்பாயியின் பெட்டி, சூடான டிவியின் தலைமேல், தூசி படாமல் இருக்கக் குரோஷா பின்னல் துணி போர்த்தி, பல வருடம் இருந்தது. காற்றுப் போகும் துளைகளை எல்லாம் துணி மூடியிருந்தது. பாசத்தோடு போர்த்திய துணிதான், பெட்டிக்குக் காய்ச்சல் வரவழைத்துவிட்டது. ரிமோட்டில் அணைத்தால் பெட்டி அணைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். விளக்கின் நிறம்தான் மாறுகிறது, பல பெட்டிகளில் உள்ளே சூடு குறைவதில்லை.

புதுக் கண்டன்சர் அதே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், 105 டிகிரி. வோல்ட் அளவு கூட இருந்தால் தப்பில்லை, குறையத்தான் கூடாது. உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ். திருப்பிப் போட்டால் வெடிக்கும். விலை பத்து ரூபாய். 25 வாட் அயர்னில் பழைய ஈயத்தை இளக்கி எடுத்து, புதியதை வைத்துப் பற்ற வைத்தது மாணவன்தான். கை நடுங்கியது. மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்தார், வாங்கிச் செய்யவில்லை. கற்றுக்கொடுப்பதில் அதுதான் கஷ்டமான பகுதி.

சீரீஸ் பல்ப் வழியாகவே முதலில் போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை, பச்சையானது.

முதல் கோளாறு மறைத்து வைத்த இரண்டாவது

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் மெனு வந்தது. சேனல் வந்தது. பத்து நிமிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

புதியவர்கள் மனம் உடைந்துபோகும் இடம் இது. 'சரி பண்ணியது சரியில்லையோ' என்று மறுபடி பெட்டியைத் திறப்பார்கள். திறக்கத் தேவையில்லை. மெனு தெளிவாக இருக்கிறது, படம் மட்டும் உடைகிறது. மேலே சொன்ன மெனு சோதனைப்படி முதலில் மாடிக்குத்தான் போக வேண்டும். மழையில் உடையும் என்று அப்பாயி சொன்னதும் இதையேதான். (கனமழையில் கூ பேண்டு அலையைத் தண்ணீர் விழுங்குவதால் நல்ல டிஷ்ஷிலும் படம் போகும், மழை நின்ற பிறகும் உடைந்தால்தான் கோளாறு.)

பெட்டியின் மெனுவில் சிக்னலுக்கு இரண்டு பட்டைகள் இருக்கும்: வலிமை, தரம். வலிமை என்பது கேபிளில் ஏதோ வருகிறது என்பது மட்டுமே. டிஷ் தவறான திசையைப் பார்த்தாலும், வெறும் இரைச்சல் வந்தாலும்கூட அது ஏறி நிற்கும். நம்ப வேண்டியது தரத்தை. இங்கே வலிமை ஆடாமல் நின்றது, தரம் ஏறி இறங்கித் துள்ளியது.

மாடிக்குப் போனவுடன் டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். ஆண்டெனா காலத்துப் பழக்கம், ரத்தத்தில் ஊறியது. கூடவே கூடாது. ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15 கிழக்கு 93.5 டிகிரியில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில் உயரத்தில். ஓரிரு டிகிரி விலகினாலே தரம் சரிந்துவிடும். நட்டு தளர்ந்திருக்கிறதா, டிஷ் ஆடுகிறதா என்று தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆடாத டிஷ்ஷைத் திருப்பினால் இருக்கும் கோளாறோடு இன்னொன்றும் சேரும்.

டிஷ் ஆடவில்லை. கீழே பெட்டியை அணைத்துவிட்டு எல்என்பியில் மாட்டியிருந்த கனெக்டரைக் கழற்றினால், நடுவில் இருக்கும் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. மழைநீர் கேபிளோடு வழிந்து கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது. கெட்ட நீளத்தை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு வரும்வரை புதிதாகச் சீவி, வெளிவலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் மடித்து, புதுக் கனெக்டர் போட்டான். மாட்டும் முன் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டான். இனி மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்கு ஏறாது. இந்த வளையத்துக்குச் செலவில்லை. டிஷ் மாட்டிய அன்றே விட்டிருந்தால் களிம்பே வந்திருக்காது.

தரம் ஏறி நின்றது. செலவு மொத்தம் ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. பெட்டி டிவியின் தலையிலிருந்து பக்கத்து அலமாரிக்கு இறங்கியது. துணி இப்போது தண்ணீர்ப் பானை மேல் கிடக்கிறது.

கை வைக்கக் கூடாதவை

எல்லாப் பெட்டியையும் திறக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கேபிள் ஆபரேட்டரோ டிடிஹெச் நிறுவனமோ கொடுத்த பெட்டி பெரும்பாலும் அவர்களுடையதாகவே இருக்கும், சீல் உடைந்தால் வம்பு. அந்தப் பெட்டிகளில் வெளியே செய்யக்கூடியதை மட்டும் செய்யலாம்: கார்டு இருந்தால் எடுத்து ரப்பரால் துடைத்துப் போடுவது, பல நாள் அணைத்து வைத்திருந்த பெட்டி என்றால் சந்தா அனுமதி மறுபடி வந்து சேரும்வரை ஒரு சேனலில் ஓடவிட்டுக் காத்திருப்பது.

பழைய குண்டுத் திரை டிவிக்குள் மட்டும் புதியவர்கள் போகவே கூடாது. அதன் படக்குழாயில் நிற்பது 325 அல்ல, இருபதாயிரம் வோல்ட்டை ஒட்டியது. இடி மின்னல் நேரத்தில் மாடி ஏறக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைப்பது நல்லது.

மற்றபடி வரிசை இதுதான்: கேள், பார், பாதியாக வெட்டு, அளந்து பார், அப்புறம் திற. திறந்து மூடும்போது அந்த மெக்கானிக் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மூடியின் உட்புறம் மார்க்கர் பேனாவால் தேதியையும் எந்தக் கண்டன்சர் மாற்றப்பட்டது என்பதையும் எழுதினார். அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் அப்பாயியைப் பார்த்திருக்க மாட்டார், கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்காது என்பதால்.